பாய்லர் தண்ணீர் பாதி வடிந்து நின்றால்

கேள்வி: எங்கள் வீட்டுக்கு இரண்டு தளம். பாய்லர் கீழ்த்தளத்தில் இருக்கிறது. மேலே மூன்று, கீழே நான்கு என்று அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் ஏழு. மேல்மாடி ரேடியேட்டர் ஒன்றின் வால்வு ஒழுகுகிறது. அதை மாற்ற வேண்டும் என்று பாய்லரை நிறுத்தி, ஆறவிட்டு, அடியில் உள்ள ட்ரெயின் வால்வில் ஹோஸ் மாட்டித் திறந்தேன். மை மாதிரி கறுப்பாகத் தண்ணீர் வேகமாக வந்தது. ஒரு வாளி நிறைவதற்குள் வேகம் குறைந்து, சொட்டாகி, நின்றேவிட்டது. பிரஷர் கேஜ் முள் பூஜ்ஜியத்தில் இருக்கிறது. மேலே போய் ரேடியேட்டரைத் தட்டினால் இன்னும் நிறைந்த சத்தம்தான். வால்வில் கசடு அடைத்திருக்கும், கம்பி விட்டுக் குத்து என்கிறார் மாமனார். சேஃப்டி வால்வின் பிடியைத் தூக்கி அந்த வழியாக வடித்துவிடலாம் என்கிறார் கணவர். பயந்துபோய் எல்லாவற்றையும் மூடிவிட்டேன். இப்போது ட்ரெயின் வால்வு மூடியும் சொட்டுகிறது. இன்னொன்று, பாய்லருக்கு அடியில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது. குளிர் தொடங்கியதிலிருந்து அதற்குள் குடுகுடு என்று சத்தம். பாய்லரும் இரண்டு காலை தானாகவே நின்றுவிட்டது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வெள்ளைக் குழாய், அதை முதலில் பார்த்துவிடுவோம். மேல்மாடி வால்வு இன்னும் பத்து நாள் சொட்டினாலும் அடியில் ஒரு கிண்ணம் வைத்துச் சமாளிக்கலாம். குளிரில் பாய்லர் நின்றுபோனால் அப்படிச் சமாளிக்க முடியாது.

அந்தக் குழாய்க்கும் நீங்கள் திறந்த ட்ரெயின் வால்வுக்கும் தொடர்பே இல்லை. இரண்டும் பாய்லருக்கு அடியில் இருக்கின்றன, இரண்டிலும் தண்ணீர் வருகிறது, அதனால் பலரும் ஒன்று என்றே நினைத்துக்கொள்கிறார்கள். ரேடியேட்டர்களில் ஓடுவது மூடிய சுற்றுக்குள் திரும்பத் திரும்பச் சுற்றும் தண்ணீர். நாமாகத் திறந்துவிடாமல் அது வெளியே வரக்கூடாது. வெள்ளைக் குழாயில் வருவதோ எரிவாயு எரியும்போது பிறக்கிற தண்ணீர். ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி உண்டாகும். பழைய பாய்லர்கள் அதைப் புகையோடு வெளியே தள்ளிவிட்டன. உங்களுடையது கண்டென்சிங் வகை. ரேடியேட்டர்களிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால், அந்த ஆவியைக் குளிரவைத்து அதில் ஒளிந்திருக்கும் சூட்டையும் இது பிடுங்கிக்கொள்ளும். குளிர்ந்த ஆவி தண்ணீராகி அந்தக் குழாயில் இறங்கும். குளிர் நாளில் மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் வருவது சாதாரணம். ஆகவே அந்தக் குழாய் சொட்டினால் நல்ல செய்தி, சொட்டாவிட்டால்தான் கவலை.

குடுகுடு சத்தம், அப்புறம் பாய்லர் தானாக நிற்பது, அதுவும் காலையில், அதுவும் குளிர் வந்த பிறகு. இந்த நான்கும் சேர்ந்தால் வெளிச்சுவருக்கு அப்பால் போகும் துண்டில் தண்ணீர் உறைந்திருக்கிறது என்றே முதலில் எண்ண வேண்டும். வெளியேற வழியில்லாத தண்ணீர் பாய்லருக்குள் ஏறுகிறது, உள்ளே இருக்கும் கருவி அதை உணர்ந்து தீயை அணைத்துவிடுகிறது. பாய்லர் பழுதாகவில்லை, தன்னைக் காத்துக்கொள்கிறது. வெளியே போய்க் குழாயைத் தடவிப் பாருங்கள். வளைவுகளிலும் சாய்வு குறைந்து படுத்திருக்கும் இடங்களிலும்தான் பெரும்பாலும் பனிக்கட்டி உட்கார்ந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாக ஊற்றினால் போதும். கொதிநீர் வேண்டாம், பிளாஸ்டிக் வெடித்துவிடும், தரையில் வழிந்தது உறைந்து ஆளையும் வழுக்கிவிடும். பனி இளகிக் குழாய் ஓடத் தொடங்கியதும் பாய்லரை ரீசெட் செய்யுங்கள்.

வெளியே உறையவில்லை என்றால் அடைப்பு உள்ளே. கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. பாய்லரின் வாய்க்குக் கீழே ட்ராப் என்று ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். அதைத் தொடாமல், அதற்குப் பிறகு வரும் குழாய் இணைப்பை மட்டும் கழற்றி ஒரு வாளியில் விடுங்கள். இப்போது பாய்லர் ஒழுங்காக ஓடினால் அடைப்பு அந்தக் குழாயில்தான். அப்போதும் நின்றால் ட்ராப்பிலேயே வழவழப்பாகக் கசடு சேர்ந்திருக்கலாம். சில பாய்லர்களில் ட்ராப்பை வெளியிலிருந்தே திருகிக் கழற்றிக் கழுவலாம். பாய்லரின் முன்மூடியைத் திறந்தால்தான் எட்டும் என்றால் அது உரிமம் பெற்ற கேஸ் டெக்னீஷியனின் வேலை, நீங்கள் கைவைக்காதீர்கள். யார் கழுவினாலும் ஒன்றை மறக்கக்கூடாது. ட்ராப்பைத் திரும்ப மாட்டும்போது அதில் தண்ணீர் நிரப்பியிருக்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் புகையை மறிக்கும் கதவு. காலியாக மாட்டினால் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் வரும். அதற்கு வாசனை கிடையாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாத வீட்டில் பாய்லர் இருக்கக்கூடாது என்பது என் கட்சி.

நிரந்தரத் தீர்வு குழாயின் போக்கில் இருக்கிறது. மீட்டருக்குச் சுமார் 4.5 சென்டிமீட்டர் சரிவு வேண்டும். வெளியே போகும் துண்டு குட்டையாகவும், 32 மில்லிமீட்டர் குழாயாகவும், மேலே வெப்பக்காப்பு உறை போட்டும் இருக்க வேண்டும். பலர் வீட்டில் பேனா தடிமனுக்கு ஒரு குழாயைச் சுவரோரம் கிடையாக ஓட்டி வைத்திருப்பதைப் பார்க்கிறேன். அது உறையாமல் இருந்தால்தான் ஆச்சரியம். செம்புக் குழாய் போட்டு ‘உறுதியாக’ச் செய்கிறவர்களும் உண்டு. அந்தத் தண்ணீர் புளிப்பானது, பிஹெச் 3க்கும் 5க்கும் இடையில் இருக்கும், செம்பை அரித்துவிடும். பிளாஸ்டிக்தான் சரி.

இனி உங்கள் முக்கியக் கேள்விக்கு வருகிறேன். மாமனார் சொல்வது சரியா, கணவர் சொல்வது சரியா என்று கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். இந்த முறை இருவருமே இல்லை. ஆனால் விடையை நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். முள் பூஜ்ஜியத்தில் இருக்கிறது, மேலே ரேடியேட்டர் நிறைந்திருக்கிறது என்ற இரண்டு வரியில்.

10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். உங்கள் மேல்மாடி ரேடியேட்டர் பாய்லரைவிட 4 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் தண்ணீர் நின்றால், அந்த எடை மட்டுமே கீழே கேஜில் 0.4 பார் காட்ட வேண்டும். ட்ரெயின் வால்வு கசடால் அடைத்திருந்தால் முள் அந்த 0.4க்குக் கீழே இறங்கியிருக்காது, வெளியேற முடியாத தண்ணீர் அழுத்திக்கொண்டே இருக்கும். உங்கள் முள்ளோ பூஜ்ஜியம். தலைக்கு மேல் அவ்வளவு தண்ணீர் இருந்தும் அதன் எடை கீழே தெரியவில்லை என்றால், யாரோ அதை மேலேயிருந்து பிடித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று பொருள். பிடித்திருப்பது வெற்றிடம்.

எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்துப் பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் ஊற்றும், நின்றுவிடும், பிறகு குபுக் குபுக் என்று துப்பும். எதிர்மூலையில் இன்னொரு ஓட்டை போட்டால் சரசரவென்று இறங்கும். உங்கள் வீட்டு ரேடியேட்டர்களும் குழாய்களும் சேர்ந்து ஒரு பெரிய மூடிய டின். நீங்கள் அடியில் ஓட்டை போட்டீர்கள், மேலே போடவில்லை. வெளியேறும் தண்ணீரின் இடத்தை நிரப்பக் காற்று வர வழியில்லாததால் மேலே வெற்றிடம் உண்டாகி, வெளியே இருக்கும் காற்றழுத்தம் தண்ணீரை அப்படியே தாங்கி நிற்கிறது. காற்றழுத்தம் 10 மீட்டர் உயரம் வரை தண்ணீரைத் தாங்கும், இரண்டு மாடி வீடு அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

அப்படியானால் முதலில் அவ்வளவு வேகமாக ஒரு வாளித் தண்ணீர் எப்படி வந்தது? அது எக்ஸ்பான்ஷன் டேங்கின் வேலை. பாய்லருக்கு அருகில் அல்லது அதற்குள்ளேயே ஒரு சின்ன டேங்க் இருக்கும். அதற்குள் ரப்பர் சவ்வுக்கு ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் தண்ணீர். அமுக்கி வைத்த காற்று விரிந்து தன் பங்குத் தண்ணீரைத் தள்ளிவிட்டது. காற்றின் பலம் தீர்ந்ததும் ஓட்டமும் தீர்ந்தது. வேகமாகத் தொடங்கி ஒரு வாளியில் நின்றால் காற்றுக் குறை. தொடக்கத்திலிருந்தே நூலாக வந்தால், அல்லது ஒன்றுமே வராமல் கேஜ் முள் அசையாமல் நின்றால், வால்வு அடைப்பு. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்திருந்தால் பாதி வீடுகளில் ஸ்பேனரை எடுக்கவே வேண்டியிருக்காது. (கேஜ் பழையதாக இருந்தால் முள் ஓரிடத்தில் சிக்கிக்கொண்டிருக்கக்கூடும். கண்ணாடியில் விரலால் ஒரு சுண்டு சுண்டிவிட்டுப் பாருங்கள்.)

ஆக, செய்ய வேண்டியது இதுதான். மின்சாரமும் எரிவாயுவும் நிறுத்தியிருக்க வேண்டும், தண்ணீர் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். ட்ரெயின் வால்வைத் திறந்துவிட்டு மேல்மாடிக்குப் போங்கள். ரேடியேட்டரின் மேல்மூலையில் காற்று எடுக்கும் சின்னத் திருகு இருக்கும். சாவியால் மெல்லத் திருப்புங்கள். வழக்கமாகக் காற்று வெளியே சீறும். இப்போது உள்ளே இழுக்கும் சத்தம் கேட்கும். ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரை ஓட்டைக்கருகே பிடித்தால் அது போய் ஒட்டிக்கொள்வதைப் பார்க்கலாம். அதே நொடியில் கீழே ஹோஸில் தண்ணீர் ஓடத் தொடங்கும். வீட்டில் இன்னொருவர் கீழே நின்றால் அங்கிருந்தே கத்திச் சொல்வார்.

மேல்மாடித் திருகுகளை மட்டும் திறங்கள். ஆர்வத்தில் கீழ்த்தளத் திருகுகளையும் திறந்துவிட்டால் தரைவிரிப்பு கறுப்பாகிவிடும், மேலே இருக்கும் தண்ணீர் அந்த வழியாகப் பீச்சும். மேல்தளம் காலியான பிறகு கீழ்த்தளத் திருகு. ஆனால் உங்களுக்கு அதுவரை போக வேண்டிய தேவையே இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

திருகைத் திறந்தும் ஓடவில்லையா? ரேடியேட்டரின் இரண்டு பக்க வால்வுகளும் திறந்திருக்கின்றனவா பாருங்கள், தெர்மோஸ்டாட் தலை உள்ளதை முழுதாகத் திறந்து வையுங்கள். மாடிக்கு ஒன்றாக மோட்டார் வால்வு இருக்கும் வீடுகளில், மின்சாரத்தை நிறுத்தியதும் அது மூடிக்கொண்டு மேல்மாடியைத் தனியாகப் பிரித்துவிடும். அதன் பக்கத்தில் சின்ன நெம்புகோல் இருக்கும், அதைத் தள்ளிக் கையால் திறந்து வைக்கலாம். ஹோஸின் மறுமுனை ட்ரெயின் வால்வைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாசற்படியைத் தாண்டுவதற்காக ஹோஸைத் தூக்கி, மறுபக்கம் மேட்டில் விட்டுவிட்டு ‘வடியவில்லை’ என்று என்னைக் கூப்பிட்டவர்கள் இருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு கோளாறும் உண்டு, எவ்வளவு வடித்தாலும் தீராது. தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கே நடந்தது. ஒரு வீட்டில் வடிக்கத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது, ஹோஸ் ஓடிக்கொண்டே இருக்கிறது. பெரிய வீடு, நிறைய தண்ணீர் போலிருக்கிறது என்று நானும் உட்கார்ந்திருந்தேன். என்னோடு வந்த மூத்தவர் ஹோஸ் முனையில் கையை நீட்டினார். “ஏம்பா, கறுப்பா வந்த தண்ணி எப்ப வெள்ளையாச்சு? இது ஊர்த் தண்ணிப்பா!” என்றார். தானாக நிரப்பும் வால்வை மூட மறந்திருந்தேன். நான் கீழே விட்டதை அது மேலே ஊற்றிக்கொண்டிருந்தது. ஏழு ரேடியேட்டர் வீட்டில் மொத்தமே, ரேடியேட்டரின் அளவைப் பொறுத்து, 60 முதல் 100 லிட்டர்தான் இருக்கும். வாளிகளை எண்ணிக்கொண்டே வாருங்கள். தண்ணீர் தெளிந்து சில்லென்று வரத் தொடங்கினால் உடனே நிரப்பும் குழாயைப் பாருங்கள். பரணில் சின்னத் தொட்டி வைத்த பழைய அமைப்பாக இருந்தால் அந்தத் தொட்டியின் மிதவையைக் கட்டி வைக்க வேண்டும்.

உங்கள் மாமனாருக்கு நியாயம் செய்ய வேண்டும். கசடு அடைப்பதும் நடக்கிற விஷயம்தான், உங்கள் தண்ணீர் கறுப்பாக வந்ததே அதற்குச் சாட்சி. நாளைக்கே அடைத்தாலும் அடைக்கலாம். அப்போது கம்பியை எடுப்பதற்கு முன் வால்வின் வகையைப் பாருங்கள். கால் சுற்றில் திறக்கும் நெம்புகோல் வைத்த பால் வால்வு என்றால் வழி நேராக இருக்கும். முழுதாகத் திறந்துவிட்டு மெல்லிய கம்பியை விடலாம், தவறில்லை. சதுரத் தலையை ஸ்பேனரால் பல சுற்று திருப்புகிற வகை என்றால் உள்ளே வழி வளைந்து போகும், நடுவில் ரப்பர் வாஷர் உட்கார்ந்திருக்கும். கம்பி கசடைத் தொடாது, வாஷரைத்தான் கிழிக்கும்.

அந்தப் பழைய வகையில் இன்னொரு வேடிக்கை உண்டு. வருடக்கணக்கில் மூடியே கிடந்ததால் வாஷர் அடியிலுள்ள பித்தளையோடு ஒட்டிப்போயிருக்கும். நாம் தண்டைத் திருப்பித் திறக்கிறோம், தண்டு மேலே வருகிறது, வாஷர் மட்டும் இடத்தை விட்டு எழுவதில்லை. அடைப்பு என்று நினைப்பது பாதி நேரம் இதுதான். இதற்கு அழுத்தத்தையே வைத்தியமாக்கலாம். ட்ரெயினை மூடி, மேல் திருகுகளையும் மூடி, நிரப்பும் வால்வைத் திறந்து கேஜ் 1.5 பார் காட்டும் வரை ஏற்றுங்கள். ஹோஸை மாட்டிவிட்டு ட்ரெயினை ஒரே மூச்சில் திறங்கள். உள்ளிருந்து வரும் தள்ளல் வாஷரையும் தூக்கும், கசடையும் துப்பவைக்கும். வால்வின் உடம்பில் மரப்பிடியால் இரண்டு தட்டுத் தட்டலாம், அதற்கு மேல் முரட்டுத்தனம் வேண்டாம். மூன்று முறை செய்தும் அசையவில்லை என்றால், தண்ணீரையும் உறிஞ்சும் வேக்வம் கிளீனர் கையில் இருந்தால் ஹோஸ் முனையில் வைத்து இழுத்துப் பாருங்கள். அதுவும் நடக்கவில்லையா, கீழ்த்தள ரேடியேட்டர்களில் தாழ்வான ஒன்றின் அடியில் இன்னொரு ட்ரெயின் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரு சிலர் ஊர்க்குழாயிலிருந்து ஹோஸை நேரே ட்ரெயினில் மாட்டி எதிர்த்திசையில் தண்ணீர் ஏற்றி அடைப்பை உடைப்பார்கள். வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் கவனம் தப்பினால் கறுப்புத் தண்ணீர் குடிதண்ணீர்க் குழாய்க்குள் திரும்பிப் போகும், அழுத்தமும் சட்டென்று 3 பாரைத் தாண்டும். வீட்டுக்காரர்களுக்கு நான் அதைச் சொல்லித்தருவதில்லை.

சேஃப்டி வால்வு யோசனையை மட்டும் மறந்துவிடச் சொல்லுங்கள். அது 3 பாரில் தானாகத் திறந்து வீட்டைக் காப்பாற்றுவதற்காக இருக்கிறது. அதன் உள்ளே மெல்லிய ரப்பர் இருக்கை. அந்த வழியாகக் கறுப்புத் தண்ணீரை விட்டால் ஒரு மணல் அளவு துரு அங்கே உட்கார்ந்துகொள்ளும், பிறகு அது முழுதாக மூடவே மூடாது. நாளெல்லாம் சொட்டும், கேஜ் இறங்கும், நீங்கள் ஏற்றுவீர்கள், மறுநாள் மறுபடி இறங்கும். வடிக்க வேறு வழியே இல்லாததுபோல அதைத் தூக்குகிறவர்கள், அடுத்த வாரம் புது சேஃப்டி வால்வுக்கு ஆள் தேடுவார்கள். தவிர, காற்றுக் குறையால் நின்ற தண்ணீர் அந்த வழியாகவும் வராது!

இப்போது பிறகு சொல்கிறேன் என்றதைச் சொல்கிறேன். நீங்கள் வடிக்கவே வேண்டியிருந்ததா?

வால்வு ஒழுகுகிறது என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், எங்கே ஒழுகுகிறது என்று எழுதவில்லை. ரேடியேட்டர் வால்வில் தண்ணீர் கசியக்கூடிய இடம் மூன்று. துணியால் எல்லாவற்றையும் நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, டிஷ்யூ பேப்பரைக் கூராக மடித்து மேலிருந்து கீழாக ஒவ்வோர் இணைப்பிலும் ஒற்றிப் பாருங்கள். முதலில் நனைகிற இடம்தான் குற்றவாளி, அதற்குக் கீழே நனைந்திருப்பதெல்லாம் வழிந்து வந்தது. மேலே, கைப்பிடித் தண்டைச் சுற்றி நனைந்தால், அங்குள்ள சின்ன நட்டைக் கால் சுற்று இறுக்கினாலே பெரும்பாலும் நின்றுவிடும், ஒரு சொட்டுக்கூட வடிக்க வேண்டாம். வால்வும் ரேடியேட்டரும் சேரும் நட்டில் நனைந்தால் அந்த ரேடியேட்டரின் இரண்டு பக்க வால்வுகளையும் மூடிவிட்டு அதை மட்டும் வடித்தால் போதும். மறுபக்க வால்வை மூடும்போது எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வையுங்கள். எல்லா ரேடியேட்டருக்கும் சூடு சமமாகப் பிரிவது அந்தச் சுற்றுக் கணக்கில்தான், திரும்பத் திறக்கும்போது அதே அளவு திறக்க வேண்டும். அடியில், தரையிலிருந்து வரும் குழாய் வால்வோடு சேரும் இடத்தில் நனைந்தால், அல்லது வால்வையே மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் மட்டும் பொதுத் தண்ணீரை இறக்க வேண்டும். அப்போதும், வேலை மேல்மாடியில் என்பதால், தண்ணீர் மட்டம் அந்த வால்வுக்குக் கீழே இறங்கினால் போதும். மூன்று மேல்மாடி ரேடியேட்டர்களும் காலியான சத்தம் கொடுத்ததும் ட்ரெயினை மூடிவிடலாம். கீழே உள்ள நாலும் இருக்கிறபடியே இருக்கட்டும்.

இதில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. பழைய தண்ணீர் அசிங்கமாகத் தெரிந்தாலும் அது செத்த தண்ணீர். அதிலிருந்த ஆக்சிஜன் எப்போதோ இரும்போடு சேர்ந்து தீர்ந்துபோயிற்று. புதுத் தண்ணீர் ஒவ்வொரு முறையும் புது ஆக்சிஜனைக் கொண்டுவரும், ரேடியேட்டரின் உட்சுவர் மறுபடி கொஞ்சம் கரையும். நீங்கள் பார்த்த மை நிறம் மேக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடு. வாளியின் அடியில் படிந்ததைத் தொட்டுவிடாமல் வெளிப்பக்கம் ஒரு காந்தத்தை வைத்து நகர்த்துங்கள், கறுப்பு நிழல் போல அதன் பின்னாலேயே ஊர்ந்து வரும். கறுப்பு என்றால் பழைய அரிப்பு, அதற்குப் பயப்பட வேண்டாம். செம்மண் நிறத்தில் வந்திருந்தால்தான் எங்கோ காற்று தொடர்ந்து உள்ளே போகிறது என்று தேடச் சொல்லியிருப்பேன். வடித்த தண்ணீரைத் தோட்டத்தில் ஊற்றாதீர்கள், அதில் அரிப்புத் தடுப்பு மருந்து இருக்கும், சில வீடுகளில் உறையாமல் இருக்க கிளைக்காலும் கலந்திருப்பார்கள். கழிவுநீர்க் குழாயில் விடுவதுதான் வழக்கம். கிளைக்கால் இருந்தால் அதற்கும் முன் உங்கள் பகுதி விதியைக் கேட்டுவிடுங்கள்.

காலியாக இருக்கும்போதே இரண்டு வேலைகளை முடித்துக்கொள்ளலாம். ஒன்று, எக்ஸ்பான்ஷன் டேங்கின் காற்றழுத்தத்தைப் பார்ப்பது. சைக்கிள் டியூபில் இருப்பது போன்ற காற்று வால்வு அதில் இருக்கும். தண்ணீர்ப் பக்கம் அழுத்தம் பூஜ்ஜியமாக இருக்கும்போது மட்டுமே இது சரியான எண்ணைக் காட்டும், இப்படியொரு வாய்ப்பு அடிக்கடி வராது. டயர் கேஜை வைத்துப் பாருங்கள். அதன்மேல் எழுதியிருக்கும் அளவுக்கு, பெரும்பாலும் 1 பார் அளவில் இருக்கும், கைப்பம்பாலேயே ஏற்றிவிடலாம். அழுத்தும்போது காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தால் உள்ளே சவ்வு கிழிந்துவிட்டது, டேங்கையே மாற்ற வேண்டும். இரண்டாவது, முழுதாக வடிக்கும் நாள் என்றைக்காவது வந்தால் அந்தப் பழைய ட்ரெயினைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு பால் வால்வு போட்டுவிடுங்கள்.

நிரப்பும்போது அவசரம் வேண்டாம். அரிப்புத் தடுப்பு மருந்தை முதலில் ஊற்றுங்கள். வடித்த அளவுக்கு ஏற்ப, புட்டியில் போட்டிருக்கும் கணக்குப்படி, ஒரு மேல்மாடி ரேடியேட்டரின் மேல் மூடியைத் திறந்து புனல் வைத்து ஊற்றலாம். பிறகு எல்லாத் திருகுகளையும் மூடி, நிரப்பும் வால்வைக் கால்வாசி மட்டும் திறங்கள். கீழிருந்து மேலாகக் காற்றை எடுத்துக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு திருகிலும் சீறல் நின்று தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். குளிர்ந்த நிலையில் கேஜ் 1க்கும் 1.5 பாருக்கும் இடையில் நிற்கட்டும். மோட்டார் வால்வின் நெம்புகோலைத் தள்ளியிருந்தால் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

மூடியும் சொட்டும் ட்ரெயின் வால்வை இந்தக் கட்டத்தில்தான் சரிசெய்ய முடியும். வாஷருக்கும் இருக்கைக்கும் நடுவே கறுப்புத் துகள் சிக்கியிருக்கிறது, இறுக்க இறுக்க அது ரப்பரில் பள்ளம் போடும். அழுத்தம் ஏறிய பிறகு ஹோஸை மாட்டி இரண்டு நொடி முழுதாகத் திறந்து மூடுங்கள், துகள் அடித்துக்கொண்டு போய்விடும். அப்படியும் விடாமல் சொட்டினால், ஹோஸ் மாட்டும் மரையில் உள்ளே வாஷர் வைத்த பித்தளை மூடி ஒன்றைத் திருகிவிடுங்கள், அடுத்த முறை வடிக்கும்வரை அது தாங்கும்.

பாய்லரைப் போட்டு ஒரு மணி நேரம் ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி ஒரு சுற்று காற்று எடுங்கள். மறுநாள் காலையில் கேஜைப் பாருங்கள். 1.3இல் விட்டது 1.1 ஆகியிருந்தால் தண்ணீரில் கரைந்திருந்த காற்று வெளியேறியதுதான், ஒரு முறை ஏற்றிக்கொள்ளுங்கள். மூன்றாம் நாளும் இறங்கினால் அந்த மேல்மாடி வால்வுக்கு அடியில் ஒரு உலர்ந்த செய்தித்தாளை விரித்துவிட்டுத் தூங்கப் போங்கள். நனைந்திருந்தால் வால்வு. நனையாமல் இருந்தால் அந்த சேஃப்டி வால்வை யாராவது ஏற்கெனவே தூக்கிப் பார்த்துவிட்டார்களா என்று கணவரிடம் கேளுங்கள்.